தைல மரமும் நமது கண்மாயும்

(புதுக்கோட்டை மாவட்டக் கிராமம் ஒன்றில் சிறு விவசாயிகளும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில், கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் பேசியது.)



போன கூட்டத்தில் நீங்கள் பல கேள்விகள் கேட்டீர்கள். தைல மரம் மழையை விரட்டுமா? அது நிலத்தடி நீரைக் குடித்துவிடுமா? அதன் காற்று உடம்புக்கு நல்லதா, கெட்டதா? அதை வெட்டிவிட்டால் எங்கள் கூலிக்கு என்ன வழி? ஒவ்வொன்றும் நியாயமான கேள்வி. பதிலைப் படித்து, விசாரித்துக்கொண்டு வந்து சொல்கிறேன் என்று அன்று சொன்னேன். நான் விஞ்ஞானி அல்ல; என் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. ஆனால் விஞ்ஞானிகள் அளந்து சொன்னதை நம் பாஷையில் சொல்ல முடியும் என்ற நம்பிக்கை இருக்கிறது.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு மனு எழுதினோம். எழுதியவன் நான். “தைல மரம் மழை மேகத்தை விரட்டுகிறது, ஆகையால் அதை அகற்ற வேண்டும்” என்று அதில் எழுதினேன். மனுவை வாங்கிய அதிகாரி சிரித்தார். “ஐப்பசி மழை வங்காள விரிகுடாவிலிருந்து வருகிறது. உங்கள் ஊர் மரத்தைக் கண்டு அது திரும்பி ஓடுமா?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. எங்களோடு வந்திருந்த இருபது பேரும் தலையைக் குனிந்துகொண்டு திரும்பினோம். கோரிக்கை நியாயமானது, சொன்ன காரணம் தவறு. தவறான காரணத்தைச் சொன்னால் நியாயமான கோரிக்கையும் தோற்றுப் போகும். அன்று நான் கற்ற பாடம் இது.

மழையை விரட்டுமா?

விரட்டாது. நம் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 900 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. அதில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவக் காற்றால் வருவது. கடலும் காற்றும் புயலும் தீர்மானிக்கிற காரியம் அது. பத்து ஊர்த் தோப்பு அதைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது.

அப்படியானால் நம் கண்மாய் ஏன் நிறையவில்லை? பெய்த மழை கண்மாய்க்கு வந்து சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

தண்ணீரைக் குடிக்குமா?

எல்லா மரமும் குடிக்கும். புளியும் குடிக்கும், வேம்பும் குடிக்கும். தைல மரத்துக்கு மட்டும் மந்திர சக்தி எதுவும் கிடையாது. ஆனால் அது வேகமாக வளருகிற மரம். வருஷம் முழுவதும் இலையோடு நிற்கும். வேர் ஆழமாகப் போகும். ஏக்கருக்கு நூற்றுக்கணக்கில் நெருக்கி நடுகிறார்கள். இந்த நான்கும் சேர்ந்ததுதான் பிரச்னை.

இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். கர்நாடகத்தில் இயன் கால்டர் என்ற ஆங்கிலேய விஞ்ஞானியும் இந்திய விஞ்ஞானிகளும் பல வருஷம் ஆராய்ந்தார்கள். மண் ஆழம் குறைந்த இடங்களில் தைல மரம் குடித்த நீர், அந்தப் பகுதியின் இயற்கைக் காடு குடிப்பதைவிட அதிகமில்லை. ஆனால் கேழ்வரகு போன்ற மானாவாரிப் பயிர் எடுப்பதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஹொசகோட்டே என்ற இடத்தில் மண் ஆழமானது. முன்பு விவசாயம் நடந்த பூமி. அங்கே மூன்று வருஷத்தில் பெய்த மழை சுமார் 2100 மில்லிமீட்டர். தோப்பு எடுத்துக்கொண்டதோ சுமார் 3400 மில்லிமீட்டர்! மிச்சத்தை எங்கிருந்து எடுத்தது? முன்பு பூமிக்குள் சேர்ந்து கிடந்த ஈரத்தை, வேரை ஆழமாக விட்டு எடுத்தது. சேமிப்பிலிருந்து செலவு செய்வது போலத்தான்.

நம் நீலகிரியையும் பாருங்கள். 1843-ல் வெள்ளைக்காரர்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்த மரத்தை அங்கே கொண்டுவந்தார்கள். உதகையிலுள்ள மண்வள ஆராய்ச்சி நிலையத்தார் கிளென்மார்கனில், அருகருகே உள்ள இரண்டு புல்வெளிப் பள்ளத்தாக்குகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றைப் புல்லாகவே விட்டார்கள். மற்றதில் பாதிக்கு மேற்பட்ட நிலத்தில் தைல மரம் நட்டார்கள். மரம் நட்ட பள்ளத்தாக்கிலிருந்து வரும் நீர் முதல் பத்து வருஷத்தில் 16 சதவிகிதம் குறைந்தது. வெட்டிய பிறகு அடிக்கட்டை மறுபடி துளிர்த்து வந்த இரண்டாம் சுற்றில் 25 சதவிகிதம் குறைந்தது. ஆண்டு முழுவதும் ஈரமாக இருக்கிற மலையிலேயே இந்தக் கதி என்றால், கரிசலும் செம்மண்ணும் சரளையுமாகக் காய்ந்து கிடக்கிற நம் சீமையின் கதி என்ன?

வரத்து வாரி எங்கே?

நம் மாவட்டம் பெரிய ஆற்றை நம்பியது அல்ல. 5000-க்கு மேற்பட்ட கண்மாய், ஏந்தல், குளம், ஊரணிகளை நம்பியது. கவிநாட்டுக் கண்மாயைப் பார்த்திருப்பீர்கள். பழைய கண்மாய்களின் நடுவே இரண்டு கல்தூண் நட்டுக் குமிழி வைத்த வேலையைப் பார்த்திருப்பீர்கள். அதைச் செய்த நம் முன்னோர்களுக்கு ஒரு கணக்கு தெரிந்திருந்தது: மேட்டில் பெய்கிற மழை, வரத்து வாரி வழியாக இறங்கி, ஒரு கண்மாய் நிறைந்து, கலிங்கு வழிந்து, அடுத்த கண்மாய்க்குப் போக வேண்டும். மேடுதான் கண்மாய்க்குத் தாய்.

1974-ல் இரண்டு காரியம் நடந்தது. ஜனவரியில் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. அதே வருஷம் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு தமிழ்நாடு வனத் தோட்டக் கழகம் ஆரம்பமாயிற்று. காகித ஆலைகளுக்குக் கூழ்மரம் வளர்ப்பது அதன் முக்கிய வேலை. நம் மேட்டுக் காடுகளில் ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் தைல மரம் வந்தது இப்படித்தான். முன்பு அங்கே வீரையும் உசிலையும் காசானும் பாலையும் நின்றன. எங்கள் தாயார் காலத்தில் பாலைப் பழமும் காரைப் பழமும் சூரைப் பழமும் மடி நிறையப் பறித்து வருவார்கள். இன்று அந்த மரங்களைப் பார்க்க வேண்டுமானால் கோயில் காட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது.

தோப்பில் மழைநீர் நிற்பதற்காகக் குறுக்கே வரப்புப் போடுகிறார்கள் என்பது நம் விவசாயிகளின் நெடுநாள் புகார். கணக்குப் போடுங்கள். ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 4000 லிட்டர். நூறு ஏக்கர் மேட்டிலிருந்து 50 மில்லிமீட்டர் அளவு மழை ஓடி வந்தால் இரண்டு கோடி லிட்டர்! வரப்பு அதை மறித்தால் அந்த இரண்டு கோடி லிட்டரும் மரத்துக்கு. கண்மாய்க்கு வெறும் புழுதி. அன்று அந்த அதிகாரியிடம் நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். “ஐயா, மேகம் திரும்பிப் போகவில்லை. மழை பெய்தது. பெய்த நீரை வழியில் மறித்துவிட்டார்கள்.”

காற்றும் நோயும்

ஒரு தாயார் கேட்டார்: “தைல வாசம் வீசினால் காய்ச்சல் வராதாமே?” இந்த நம்பிக்கைக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1870-களில் ரோமாபுரிக்குப் பக்கத்தில் ஒரு மடத்துத் துறவிகள், மலேரியாக் காய்ச்சலை விரட்டுவதற்காக ஏராளமாகத் தைல மரம் நட்டார்கள். கெட்ட காற்றால் மலேரியா வருகிறது, தைல வாசம் அந்தக் காற்றைச் சுத்தப்படுத்தும் என்று அன்று நம்பினார்கள். 1897-ல் நம் தேசத்திலேயே, செகந்திராபாத்தில், ரொனால்டு ராஸ் என்ற டாக்டர் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தார். குற்றவாளி காற்றல்ல, கொசு என்று தெரிந்தது. மரம் ஏதாவது உதவி செய்திருந்தால், அது சதுப்பு நிலத்து நீரை உறிஞ்சிக் காயவைத்ததால்தான்.

இங்கே சற்று நின்று யோசியுங்கள். சதுப்பைக் காயவைக்கத் தேடிப் பிடித்து நட்ட மரம் இது. அதைக் கொண்டுவந்து கண்மாய்க்கு மேலே நட்டால் என்ன ஆகும்?

தைல எண்ணெயைப் பற்றியும் எச்சரிக்கை சொல்ல வேண்டும். சளிக்கு ஆவி பிடிக்கிறோம், மேலே தடவுகிறோம். பெரியவர்களுக்கு அது சரி. ஆனால் கைக்குழந்தையின் மூக்கில் தடவாதீர்கள். புட்டியைக் குழந்தை கைக்கு எட்டும்படி வைக்காதீர்கள். கொஞ்சம் உள்ளே போனாலும் வலிப்பு வரும்; உயிருக்கே ஆபத்து. அப்படி நேர்ந்தால் வாந்தி எடுக்கவைக்க முயலாமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

“மரம் நல்ல காற்று கொடுக்கிறதே, பசுமைதானே?” என்று ஒரு மாணவர் கேட்டார். மரம் கரியமில வாயுவை எடுத்து உடம்பாக்கிக்கொள்கிறது; வாஸ்தவம். ஆனால் ஐந்தாறு வருஷத்தில் வெட்டிக் கூழாக்கி, காகிதமாக்கி, அந்தக் காகிதத்தை எரித்தாலோ மக்கவிட்டாலோ, எடுத்தது பெரும்பாலும் காற்றுக்கே திரும்பிவிடும். நூறு வருஷம் நிற்கிற புளியமரமும் இதுவும் ஒன்றாகாது. பச்சையாக இருப்பதெல்லாம் காடு அல்ல. இதன் இலையை ஆடு கடிக்காது, மாடு தின்னாது. ஆட்டை ஓட்டிக்கொண்டு போகிற பெண்ணைக் கேளுங்கள். அது காடா இல்லையா என்று அவர் சொல்லிவிடுவார்.

கூலிக்கு என்ன வழி?

இனி எல்லாவற்றிலும் கடினமான கேள்வி. பட்டை உரிக்கிற தோழியர் ஒருவர் எழுந்து, “மரத்தை ஒழித்தால் எங்கள் அடுப்பில் என்ன எரியும்?” என்று கேட்டார். அவரைச் சிலர் உட்காரச் சொன்னீர்கள். அது தவறு. அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் நம் கோரிக்கை முழுமையாகாது.

சொந்தப் பட்டாவில் தைலம் போட்ட சிறு விவசாயியையும் திட்டிப் பயனில்லை. கிணறு வற்றியது, கடலை போட்டு நஷ்டப்பட்டார், 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையைச் சாய்த்தது, பிள்ளை திருப்பூருக்குப் போய்விட்டான். காவல் வேண்டாம், தண்ணீர் வேண்டாம் என்கிற மரத்தை நட்டார். வேறு வழி காட்டாமல் அவரைக் குற்றவாளியாக்கக் கூடாது.

ஆனால் கணக்கையும் பாருங்கள். தோப்பு, சில வருஷத்துக்கு ஒருமுறை சில வாரம் வேலை கொடுக்கிறது. கண்மாய் நிறைந்தால் நடவு, களை, கடலை பறிப்பு, மீன், ஆடு மாடு என்று வருஷா வருஷம் வேலை. அறுப்பு மெஷின் வந்து ஒரு பகுதி வேலை போய்விட்டது, மறுக்கவில்லை. அப்படியும் நீர் இருக்கிற ஊரில் இருக்கிற வேலை, நீர் இல்லாத ஊரில் இல்லை. ஆகையால், மாற்று வேலைக்கு ஏற்பாடு செய்துகொண்டே படிப்படியாக மரத்தை அகற்ற வேண்டும் என்கிறோம். அடிக்கட்டையைத் தோண்டி எடுப்பது, வாரியைச் செப்பனிடுவது, நாட்டு மரக்கன்று வளர்ப்பது, நட்ட கன்றை மூன்று வருஷம் காப்பது, எல்லாமே கூலி வேலைதான். பட்டை உரித்த கைகளுக்கே முதல் உரிமை.

இது நடக்காத காரியமா? 1983-ல் கர்நாடகத்துத் தும்கூர் விவசாயிகள் நாற்றுப் பண்ணையில் புகுந்து தைலக் கன்றுகளைப் பிடுங்கிவிட்டு, புளிய விதையும் மாங்கொட்டையும் ஊன்றினார்கள். 2017-ல் கர்நாடக சர்க்கார் புதிதாகத் தைல மரம் நடுவதையே தடை செய்தது. தென்னாப்பிரிக்காவில் 1998-ம் வருஷத் தண்ணீர்ச் சட்டம், இத்தகைய தோப்புகளை ஆற்று நீரைக் குறைக்கும் தொழில் என்றே வகைப்படுத்திக் கட்டுப்பாட்டில் வைத்தது.

இனி நாம் செய்ய வேண்டியது

முதலாவதாக, வருகிற ஞாயிறு காலை நம் கண்மாயின் வரத்து வாரி வழியே மேடு வரை நடந்து போவோம். கிராமக் கணக்கு வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொள்வோம். எங்கே வரப்பு மறிக்கிறது, எங்கே சீமைக் கருவேல் அடைத்திருக்கிறது, எங்கே நம்மவரே வாரியை ஆக்கிரமித்திருக்கிறார் என்று எழுதுவோம். நம்மவர் பெயரையும் மறைக்கக் கூடாது.

இரண்டாவதாக, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மழையை அளக்கட்டும். நேராக நிற்கிற ஒரு தகர டப்பா, ஒரு அடிக்கோல் போதும். வெட்டவெளியில் வைத்து, தினம் காலை அளந்து நோட்டில் எழுத வேண்டும். கண்மாய்க் கல்லில் நீர் மட்டத்தையும் குறிக்க வேண்டும். எத்தனை மழைக்கு எத்தனை நீர் வந்தது என்று ஒரு பருவத்திலேயே நம் கையில் கணக்கு இருக்கும்.

மூன்றாவதாக, புதிய மனு. அதில் மூன்றே கோரிக்கைகள்: கண்மாய்களின் நீர்ப்பிடிப்பில் புதிதாகத் தைல மரம் நடக் கூடாது, வெட்டிய இடத்தில் மறுபடி துளிர்க்க விடவும் கூடாது, வாரியை மறிக்கிற வரப்புகளை ஐப்பசிக்கு முன் உடைக்க வேண்டும், அங்கே நாட்டு மரம் நடும் வேலையை உள்ளூர்த் தொழிலாளர்களுக்கே நியாயமான கூலியில் கொடுக்க வேண்டும்.

இந்த முறையும் மனுவை நானே எழுதுகிறேன். ஆனால் கொடுப்பதற்கு முன் இதே இடத்தில் வாசித்துக் காட்டுகிறேன். தவறு இருந்தால், அந்தப் பட்டை உரிக்கிற தோழியரே முதலில் திருத்தட்டும். மேகத்தைப் பற்றி அதில் ஒரு வரி கூட இருக்காது. நம் கண்மாய்க்கு வர வேண்டிய தண்ணீரின் கணக்கு மட்டும் இருக்கும்.