29ஆம் பிரிவு



1947ஆம் ஆண்டிற் கூடிய இலங்கைப் பாராளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபையில் 101 இடங்கள். தேர்தலில் வந்தோர் 95 பேர். நியமிக்கப்பட்டோர் 6 பேர். அதற்கு மேலே 30 பேர் கொண்ட மூதவை. இவற்றை மனனஞ் செய்ய வேண்டியதில்லை. நாம் ஊன்றிப் பார்க்க வேண்டியது சோல்பரி அரசியற்றிட்டத்தின் 29ஆம் பிரிவையே.

ஒரு சமூகத்தார்க்கு மாத்திரம் இடரோ தடையோ விளைக்கும் சட்டத்தை ஆக்கப் பாராளுமன்றத்துக்கு அதிகாரமில்லை. ஆக்கினாலும் அது செல்லாது என்றது அப்பிரிவு. நல்ல வேலிதான். ஆனால் வேலியிலே பொட்டு எங்கேயென்று ஆட்டுக்குத் தெரியும். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் எந்தச் சமூகத்தையும் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. தந்தையோ, அன்றேற் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையிற் பிறந்ததற்குச் சான்று கேட்டது, அவ்வளவே. மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளி எந்தப் பத்திரத்தைக் காட்டுவான்? 1949இல் அவன் வாக்கும் போயிற்று. அவ்வேளையில் நம் வடபகுதி உறுப்பினர் சிலர் அரசாங்கப் பக்கத்தில் அமர்ந்திருந்தனர் என்பதையும் நாம் மறைத்தலாகாது. இச்சட்டங்கள் செல்லும் என்றே இலண்டன் கோமறைக் கழகம் 1953இல் தீர்ப்பளித்தது.

1964இல் அதே கழகம், வேறொரு வழக்கில், இப்பிரிவின் காப்புகள் மாற்றவொண்ணாதவை என்று கூறியபோது நம்மவர் மகிழ்ந்தனர். பாராளுமன்றம் மாற்றவொண்ணாததை மாற்றப் பாராளுமன்றத்துக்கு வெளியே வழி கண்டார்கள். 1970இல் அப்பிரதிநிதிகளே நவரங்கஹல மண்டபத்தில் அரசியல் நிர்ணய சபையாகக் கூடினர். 1972 மே 22இல் அங்கே நிறைவேறிய அரசியற்றிட்டத்தில் 29ஆம் பிரிவு இல்லை.