கொடுத்த வாக்கு

(முலுண்டில் நடந்த மாணவர் பாராட்டு விழாவில் ஆற்றிய உரை)

பரிசு பெற்ற குழந்தைகளுக்கு என் ஆசிகள். நான் சொல்லப்போவது பெற்றோருக்கு.

சிதம்பரத்தில் 1952-ல் பிறந்து பரோடாவில் வளர்ந்தவர் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. அப்பாவின் ஆசையும் அதுதான். ஆனால் தேசிய அறிவியல் திறன் உதவித்தொகை கிடைத்தால் விஞ்ஞானம் படிக்கலாம் என்று அப்பாவோடு ஓர் ஒப்பந்தம். உதவித்தொகை வந்தது, தந்தை சொல் மாறவில்லை. 1971-ல் பௌதிகப் பட்டம் பெற்றார். பின்னர் உயிரியலுக்கு மாறி, செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமை ஆராய்ந்து, 2009-ல் வேதியியல் நோபல் பரிசை இருவருடன் பகிர்ந்துகொண்டார். பல ஆன்டிபயாடிக் மருந்துகள் தாக்குவது கிருமியின் ரைபோசோமைத்தான். டாக்டர் ஆகாதவரின் உழைப்பு வைத்தியத்துக்கே உதவுகிறது!

போன வருஷம் என் பேத்தி, "தாத்தா, எனக்கு மெடிகல் வேண்டாம், பிஸிக்ஸ்தான்" என்றாள். சர்க்கார் உத்தியோகத்திலேயே காலம் தள்ளியவன் நான். பத்திரமான வழிதான் தெரியும். "நீட்டும் எழுது, ஐசர் பரீட்சையும் எழுது. ஐசர் கிடைத்தால் உன் இஷ்டம்" என்றேன். இரண்டுமே கிடைத்தன! நாட்டுப்பெண் கண் கலங்கினாள். எனக்கும் இரண்டு நாள் தூக்கமில்லை. ஆனால் சொன்ன சொல் என்னாவது? புனேக்கு நானே கொண்டுபோய் விட்டுவந்தேன்.

எல்லோருக்கும் நோபல் வராது. பேத்திக்கு என்ன வரும் என்பதை பகவான்தான் அறிவார். நிபந்தனை போட பெரியவர்களுக்கு உரிமை உண்டு. குழந்தை அதை நிறைவேற்றிவிட்டால், வழிவிட வேண்டியது நம் கடமை.