மன்னார் வளைகுடாவின் கடற்பஞ்சுகள்

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையில், கரையை ஒட்டி 21 தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. வான் தீவு, காசுவார், நல்லதண்ணி, முயல் தீவு, மனோலி, பாம்பனை அடுத்த குருசடை எல்லாம் இந்த வரிசையைச் சேர்ந்தவை. இவற்றைச் சுற்றிப் பல இடங்களில் கடல் சில மீட்டர் ஆழம்தான். வெயில் அடிவரை இறங்குகிறது. பவளப்பாறைக்கும் கடற்பசுவுக்கும் பெயர்போன இந்தக் கடலில் அவற்றுக்குச் சற்றும் குறையாத இன்னொரு செல்வம் கடற்பஞ்சுகள். மன்னார் வளைகுடாவிலும் அதன் வடக்கே உள்ள பாக் விரிகுடாவிலும் சேர்த்து 270க்கு மேற்பட்ட வகைகளை, இப்பகுதியின் பஞ்சுகளை ஆராய்ந்த பி. ஏ. தாமஸ் 1980களில் பட்டியலிட்டார்.

கடற்பஞ்சு செடியில்லை, விலங்கு. வாய், வயிறு, நரம்பு எதுவும் அதற்குக் கிடையாது. உடல் முழுதும் நுண்துளைகள். உச்சியிலோ பக்கத்திலோ சில பெரிய துளைகள். கண்ணாடித் தொட்டியில் உயிருள்ள பஞ்சின் அருகே சாயநீரைச் சில சொட்டு விட்டால், பக்கச் சுவர் அதை உறிஞ்சிக்கொள்கிறது. சற்று நேரத்தில் பெரிய துளை வழியே அந்தச் சாயம் புகையாக மேலெழுகிறது. உள்ளே இருக்கும் கசையிழைச் செல்கள் இடைவிடாமல் அடித்து இந்த நீரோட்டத்தை உண்டாக்குகின்றன. நீரோடு வரும் பாக்டீரியாவும் நுண்துகள்களுமே அதன் உணவு. ஒரு நாளில் தன் உடலளவைப் போலப் பல ஆயிரம் மடங்கு நீரை வடிகட்டும் ஆற்றல் இந்த அசையாத உயிருக்கு உண்டு.

இத்தனை வகை இங்கே சேர்ந்ததற்கு முதல் காரணம் ஒட்டிக்கொள்ளக் கிடைக்கும் இடம். பவளப் பாறை, இறந்த பவளத் துண்டு, சிப்பி படிந்த பார், கடற்புல் மேடு, கல்லின் நிழற்பக்கம் என ஒவ்வொன்றும் வேறு வேறு பஞ்சுகளுக்கு இடம் தருகிறது. வெளிச்சம் படாத கல்லடியில் ஓவியத் தீற்றலாகப் பரவும் மெல்லிய படலப் பஞ்சுகள் நிறைய. பாறை முகட்டில் விரல்களாகவும் குழாய்களாகவும் கிளைத்து நிற்பவை வேறு. மணல் படியும் இடங்களில் சினக்கைரெல்லா என்னும் உருண்டைப் பஞ்சு, மேலே மண்ணைப் பூசிக்கொண்டு பாதி புதைந்து கிடக்கிறது. தோலாக விறைத்த இர்சினியா என்னும் பஞ்சைக் கையில் எடுத்தால் பூண்டு நாற்றம் குப்பென்று வீசும். ஓடி ஒளிய முடியாத உயிருக்கு அந்த வேதிப்பொருள்தான் காவல். பஞ்சின் உள்வழிகளில் சிறு இறால்களும் புழுக்களும் குடியிருக்கின்றன. ஒரு வகை நண்டு பஞ்சுத் துண்டை வெட்டி முதுகில் சுமந்து திரிகிறது.

ஆனால் வெளித்தோற்றத்தை வைத்துக் கடற்பஞ்சின் பெயரைச் சொல்லிவிட முடியாது. ஒரே வகை, அலை மோதும் இடத்தில் தட்டையாகவும் அமைதியான நீரில் உயர்ந்தும் வளரும். அதன் உண்மையான அடையாளம் உடலுக்குள் இருக்கும் நுண்முட்களில்தான் உள்ளது. துணுக்கு ஒன்றை வெளுப்புக் கரைசலில் போட்டால் சதை கரைந்து, அடியில் வெண்பொடி தங்குகிறது. அந்தப் பொடி நுண்ணோக்கியில் ஊசி, கொக்கி, நங்கூரம், நட்சத்திரம் எனப் பிரிந்து தெரிகிறது. ஒரு சொட்டு அமிலம் பட்டுக் குமிழி கிளம்பினால் அது சுண்ண முள். அசையாமல் கிடந்தால் சிலிக்கா முள். முள்ளே இல்லாமல் நார் மட்டும் உள்ளவையும் உண்டு. குளியலுக்குப் பயன்படும் பஞ்சு அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது.

இந்தக் கடலின் பஞ்சுகளைப் பற்றிய அறிவு முத்துக்குளிப்போடு பின்னிப்பிணைந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் இங்கே திரட்டிய பஞ்சுகளை ஆர்தர் டெண்டி 1880களில் விவரித்தார். இலங்கைப் பக்கத்து முத்துப் பார்கள் வறண்டதன் காரணம் அறிய 1902இல் கடல் உயிரியலாளர் ஹெர்ட்மன் வந்தார். அவர் சேகரித்த பஞ்சுகளைப் பற்றிய டெண்டியின் பெரிய அறிக்கை 1905இல் வெளிவந்தது. முத்துச்சிப்பியைத் துளைக்கும் கிளையோனா வகை ஒன்றுக்கு அதில் பெயர் சூட்டப்பட்டது.

கிளையோனாவின் வேலையைக் கரையிலேயே பார்க்கலாம். ஒதுங்கிய சங்கிலும் சிப்பி ஓட்டிலும் குண்டூசி நுழையும் அளவில் வரிசையாகத் துளைகள் இருக்கும். ஓட்டை உடைத்தால் உள்ளே அறை அறையாகக் குடைந்திருக்கும். பஞ்சின் தனிச் செல்கள் சுண்ணத்தைச் சிறிது கரைத்து, நுண்சில்லுகளாகப் பெயர்த்து, வெளியேறும் நீரோடு தள்ளிவிடுகின்றன. இறந்த பவளம் மணலாவதில் இதற்குப் பெரிய பங்குண்டு. அது பாறையின் இயல்பான சுழற்சி. சுண்ணாம்புக்காகப் பவளம் வெட்டிய காலத்தில் செத்த பாறை பெருகியதால்தான் துளைக்கும் பஞ்சுக்கு வேண்டிய மட்டும் இடம் கிடைத்தது. இதில் குற்றத்தைப் பஞ்சின்மேல் சுமத்துவது நியாயமில்லை. வான் தீவருகே தெரிய வந்த டெர்பியோஸ் ஹோஷினோட்டா என்னும் பஞ்சு மட்டும் உண்மையிலேயே கவலைக்குரியது. சாம்பல்நிறப் படலமாகப் பரவும் அது, உயிருள்ள பவளத்தையே மூடிக் கொன்றுவிடுகிறது.

தீவுகளும் சுற்றியுள்ள ஆழமற்ற கடலும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அங்கே எந்தப் பஞ்சையும் பிடுங்கக் கூடாது. 2001இல் சுண்ணப் பஞ்சுகள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்ந்தன. இங்குள்ள வகைகளில் மிகப் பெரும்பாலானவை சிலிக்கா முள்ளோ நாரோ கொண்டவை. அவை அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. பூங்கா எல்லைக்கு வெளியே, இழுவலையில் சிக்கி மேலே வந்து கரையில் கொட்டப்படுபவையும் அவையே.