பழைய மோட்டார் வண்டியும் பொருந்தும் பாகமும்



ஊவா மாகாணத்தின் மலைவீதிகளிற் பயணஞ் செய்தவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். பண்டாரவளைக் கடைத்தெருவிலோ, பதுளைப் புகையிரத நிலையத்தின் முன்றிலிலோ, அப்புத்தளையில் தோட்டத்துக்குப் பிரியும் வீதியின் முகப்பிலோ, புதிய ஜப்பானிய வண்டிகளுக்கிடையே உருண்ட முதுகுடைய ஒரு மொறிஸ் மைனர் அமைதியாக நிற்கும். அல்லது ஓர் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் நிற்கும். அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன் கப்பலில் வந்திறங்கிய வண்டி, இன்றும் பாரஞ் சுமந்து மலையேறுகின்றது. அதனைச் செய்த தொழிற்சாலை அந்த வகையைச் செய்வதை நிறுத்தி அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அங்ஙனமாயின், அதன் உறுப்பொன்று தேய்ந்தால் மாற்றுறுப்பு எங்கிருந்து வருகின்றது? வருவது சரியான உறுப்புத்தானா என்று அறிவது எவ்வாறு? இவையே இன்றைய பேச்சின் பொருள்.

இவ்வண்டிகள் இங்கே நிலைத்துவிட்டதற்குக் காரணங்கள் உண்டு. ஊவாத் தோட்டங்களைப் பிரித்தானியக் கம்பெனிகள் நடத்திய காலத்தில், பெரியதுரைக்கும் சின்னத்துரைக்கும், வைத்தியருக்கும் மோட்டார் வண்டி இன்றியமையாத கருவியாயிற்று. பின்னர் 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் வண்டி இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1972ஆம் ஆண்டும் 1975ஆம் ஆண்டும் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. வெளிநாட்டுத் துரைமார் கப்பலேறினர்; வண்டிகள் இங்கேயே தங்கின. அவை உத்தியோகத்தர்க்கும், ஆசிரியர்க்கும், வாடகை வண்டிக்காரர்க்கும் கைமாறின. புதியது வாங்க வழியில்லாத நாட்டில் பழையதைப் பேணுதல் ஒரு பொழுதுபோக்கன்று. அது வாழ்க்கைத் தேவை. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் வண்டி இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, 2025ஆம் ஆண்டிலேயே படிப்படியாகத் திறக்கப்பட்டபோது, அந்தப் பழைய பாடத்தை நாம் மறுபடியும் படித்தோம்.

இனி, சரியான பாகம் என்றால் என்ன என்று நோக்குவோம். அச்சொல்லில் மூன்று பொருள்கள் அடங்கியுள்ளன. முதலாவது, அளவாற் பொருந்துதல். இரண்டாவது, செய்பொருளாற் பொருந்துதல். அதாவது, தாங்கவேண்டிய வெப்பத்தையும் பாரத்தையும் தாங்குதல். மூன்றாவது, அந்த வண்டியின் ஆண்டுக்கும் வகைக்கும் உரியதாய் இருத்தல். கண்காட்சிக்கு வண்டி வைப்போர் மூன்றாவதையே பெரிதாகப் பேசுவர். அவசரக்காரர் முதலாவதோடு நின்றுவிடுவர். உயிரைக் காப்பதோ நடுவில் உள்ள இரண்டாவது.

ஒரே பெயருடைய வண்டிக்குள் எத்தனை வேறுபாடுகள் உண்டு என்பதற்கு மொறிஸ் மைனரையே எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் அமைத்த இவ்வண்டி 1948ஆம் ஆண்டு இலண்டன் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. முதலில் வந்த எம்.எம். வகையில் 918 கன சென்ரிமீற்றர் அளவுள்ள பக்கவால்வு எஞ்சின் இருந்தது. 1952ஆம் ஆண்டு ஒஸ்ரின் கம்பெனியும் மொறிஸ் கம்பெனியும் ஒன்றாய் இணைந்தன. அதன் பயனாக ஒஸ்ரினின் 803 அளவுள்ள ஏ வரிசை எஞ்சின் மைனருக்குள் புகுந்தது. 1956இல் அது 948 ஆயிற்று. இரு துண்டாக இருந்த முன்கண்ணாடியும் அவ்வாண்டிலே ஒரே வளைந்த கண்ணாடியாயிற்று. 1961இல், பக்கத்தூணிலிருந்து கைபோல் நீளும் திசைகாட்டி மறைந்து, மின்னி அணையும் விளக்கு வந்தது. 1962இல் எஞ்சின் 1098 ஆனது. முன்சக்கரப் பிரேக்கின் உருளை ஏழங்குலத்திலிருந்து எட்டங்குலமாக வளர்ந்தது. பதினாறு இலட்சத்துக்கும் மேற்பட்ட மைனர்கள் செய்யப்பட்டன. ஆகவே, கடைக்காரரிடம் சென்று மைனருக்குப் பிரேக் வேண்டும் என்று மட்டும் கேட்பவர், பதுளைக்கு வழி கேட்காமல் மலைநாட்டுக்கு வழி கேட்டவரைப் போன்றவராவார்.

எனவே முதற்படி, கையிலுள்ள வண்டி எது என்று அறிதல். எஞ்சின் அறையில் உள்ள தகட்டிலே அடிச்சட்ட எண் பொறிக்கப்பட்டிருக்கும். எஞ்சினிலே வேறோர் எண் இருக்கும். இவ்விரண்டையும் எழுதிவைத்தல் வேண்டும். இங்கிலாந்திலே கேடன் என்னும் ஊரில் உள்ள பிரித்தானிய மோட்டார் நூதனசாலை பழைய தொழிற்சாலைப் பதிவேடுகளைப் பேணிவருகின்றது. அடிச்சட்ட எண்ணைக் கொடுத்தால், வண்டி என்று செய்யப்பட்டது, எந்த நிறத்தோடு வெளியேறியது, எந்த எஞ்சினோடு பிறந்தது என்பவற்றைப் பதிவேட்டில் உள்ளவாறு சான்றிதழாக வழங்குவர். ஆயினும் ஊவாவிலே வாழ்ந்த வண்டிகள் பல, இடையில் எஞ்சின் மாறியவை. தகடு ஓராண்டைச் சொல்ல, உள்ளுறுப்பு மற்றோராண்டைச் சொல்லும். ஆதலின், தேய்ந்த பாகத்தைக் கழற்றி, அளவுகோலால் அளந்து, அதையே கையிற் கொண்டு கடைக்குச் செல்லுதல் எக்காலத்துக்கும் நல்வழி. புதியது கிடைத்த பின்னரும் பழையதை வீசிவிடலாகாது. அதுவே அடுத்த முறைக்கு மாதிரி.

இரண்டாவது எச்சரிக்கை மரை பற்றியது. ஒரு போல்ட்டைப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் ஜோசப் விட்வேர்த் 1841ஆம் ஆண்டு வகுத்த பழைய ஆங்கில மரையின் கோணம் 55 பாகை. 1948ஆம் ஆண்டு பிரித்தானியா, அமெரிக்கா, கனடா ஆகிய மூன்று நாடுகளும் உடன்பட்ட யூனிபைட் மரையின் கோணம் 60 பாகை. ஜப்பானிய வண்டிகளின் மீற்றர் அளவை மரையோ வேறொன்று. கால் அங்குல விட்டத்தில் விட்வேர்த் மரைக்கும், யூனிபைட் பரும மரைக்கும் அங்குலத்துக்கு இருபது புரிகளே. ஆகவே ஒன்று மற்றொன்றில் ஏறும். இறுகியது போலவும் காட்டும். ஆனால் புரிகளின் சாய்வு ஒன்றோடொன்று முழுமையாகப் படியாது. குலுங்கும் வீதியில் அது தளரும். கையால் எளிதாய் ஏறவேண்டிய நட்டு சாவிக்கோலின் வலிமையால் மட்டுமே ஏறுமாயின், அங்கே நிறுத்திவிடுதல் அறிவுடைமை.

பாகங்கள் கிடைக்கும் இடங்களைப் பார்ப்போம். பதுளையிலிருந்து தேடிப் புறப்படுவோர் இறுதியிற் சேருமிடம் கொழும்பு மருதானையை அடுத்த பஞ்சிகாவத்தை. உதிரிப்பாகக் கடைகள் நெருங்கிய அவ்வட்டாரத்தில், ஒருவரிடம் இல்லாதது அடுத்தவரிடம் இருக்கும். கடல் கடந்தால், சென்னையிலே புதுப்பேட்டை அத்தகையது. இந்தியாவில் ஒரு தனி வசதியும் உண்டு. மொறிஸ் ஒக்ஸ்போர்ட் வண்டியின் வழிவந்த அம்பாசிடர் 2014ஆம் ஆண்டுவரை அங்கே செய்யப்பட்டது. அதிற் பல்லாண்டுகள் இருந்த 1489 அளவுள்ள பீ வரிசை எஞ்சினும், நம்முடைய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஏ ஐம்பத்தைந்தில் உள்ள எஞ்சினும் ஒரே குடும்பம். குடும்பம் ஒன்றெனினும் உறுப்பெல்லாம் ஒன்றல்ல. அளந்து பார்த்தே வாங்குதல் வேண்டும்.

நம்முள் பலர் அறியாத செய்தியொன்று உண்டு. பிரித்தானியாவின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையத்தை நடத்தியவர் சார்ள்ஸ் வேர். பழைய வண்டியைச் செப்பனிட்டு நெடுங்காலம் ஓட்டுதலே உண்மையான சிக்கனம் என்று வாதிட்டவர் அவர். இலங்கைத் தொழில்முயற்சியாளரான தனபால சமரசேகர என்பவரோடு சேர்ந்து, 1990களில் இந்நாட்டிலேயே மொறிஸ் மைனருக்கான உடற்தகடுகளையும் பிற பாகங்களையும் செய்யும் தொழிலை அவர் நடத்தினார். இங்கே நம்மவர் கையாற் செய்யப்பட்ட பாகங்கள் இங்கிலாந்துக்குச் சென்று, அவ்வண்டி பிறந்த நாட்டிலேயே அதன் உடலைச் செப்பனிட்டன. ஒரு காலத்தில் எல்லாப் பாகமும் அங்கிருந்து இங்கு வந்தது. பின்னர் இங்கிருந்து அங்கே சென்றது. இலங்கையரின் கைத்திறனுக்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

அத்திறன் தோட்டங்களுக்குப் புதியதன்று. தேயிலைத் தொழிற்சாலையில் உருட்டும் இயந்திரமும் உலர்த்தும் இயந்திரமும் உண்டு. கச்சான் வீசும் ஆடி ஆவணி மாதங்களில், ஊவாத் தேயிலை மணமேறும் பருவத்தில், ஓர் இயந்திரம் நின்றால் கொழுந்து பாழ். கொழும்பிலிருந்து பாகம் வருமளவும் காத்திருக்க முடியாது. ஆகவே தொழிற்சாலையின் பிற்றர், கடைசல் இயந்திரத்தில் புதிய பித்தளைப் புஷ் கடைந்து கொள்வார். அதே கை துரையின் வண்டிக்கும் உதவியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர் மலையகக் குடும்பங்கள் பெருந்தொகையாக இந்தியாவுக்குப் போயின. அவர்களோடு இத்தகைய கைகள் பலவும் கடல் கடந்தன. எஞ்சியோரும் இன்று முதுமை எய்திவிட்டனர். இவர்கள் கற்றது ஏட்டிலில்லை. விரல் நுனியில் உள்ளது.

ஆயினும், பட்டறையிற் செய்யத் தக்கது எது, தகாதது எது என்ற வரம்பை நாம் மறத்தலாகாது. புஷ்சைக் கடையலாம், கசிவு தடுக்கும் தாளை வெட்டலாம், எஞ்சினைத் தாங்கும் இறப்பர் துண்டை வார்க்கலாம், நம் நாடு இறப்பர் விளையும் நாடுதானே. ஆனால் பிரேக்குக்குள் இருக்கும் இறப்பர்க் கிண்ணத்தை எண்ணத்துக்கு வெட்டுதல் கூடாது. பழைய வகைக் கிண்ணம் இயற்கை இறப்பராலானது. அதற்குரிய பிரேக் திரவத்துக்குப் பதிலாக எஞ்சின் எண்ணெயை ஊற்றினால் அது ஊதிப் பெருத்துக் கெட்டுவிடும். பிரேக் உருளையைக் கடைந்து கடைந்து மெலிதாக்கினால், வெப்பத்தில் அது வெடிக்கும். மைனரின் பிரேக் முதன்மைச் சிலிண்டர் சாரதியின் காலடித் தளத்தின் கீழே மறைந்திருக்கின்றது. கண்ணுக்குப் படாத இடத்திலுள்ளதால் பராமரிப்பில் அது விடுபட்டுப்போகும்.

இது வீண் அச்சமன்று. அப்புத்தளை 1400 மீற்றருக்கும் மேலான உயரத்தில் உள்ளது. வெல்லவாயவோ சமவெளியின் விளிம்பில் உள்ளது. பெரகலை வழியாகவோ எல்ல வழியாகவோ இறங்கும் வண்டி, ஆயிரம் மீற்றருக்கு மேற்பட்ட இறக்கத்தைச் சில மணி நேரத்துக்குள் கடக்கின்றது. ஒரு புறம் பாறை; மறுபுறம் பள்ளம். மைனரின் முன்சக்கரத்தைத் தாங்கும் மரையுள்ள கீழ்முனைக்கு ஒழுங்காகக் கிறீஸ் இடாவிட்டால், மரை தேய்ந்து, ஒரு வளைவிலே சக்கரம் மடிந்துவிடும். மைனர் வைத்திருப்போர் உலகெங்கும் அறிந்த குறை இது. கொழும்பின் சமதரையில் அது அவமானத்தோடு முடியலாம். பசறை வளைவில் அங்ஙனம் முடியாது. ஆகையால், பணம் ஒரு பாகத்துக்கே போதுமானால், முன்கண்ணாடிச் சட்டத்தின் பளபளப்புக்கு அதைச் செலவிடாமல், பிரேக்குக்கும் முன்சக்கரத்துக்கும் செலவிடுக.

மின்சாரத்திலும் ஒரு நுட்பம் உண்டு. ஐம்பதுகளின் ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகளிற் பற்றரியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. இக்கால வண்டிகளில் எதிர்முனை. பழக்கத்தாற் புதிய முறையில் இணைத்துவிட்டால், மின்னாக்கி கெடும். புதிய கருவி பொருத்தும்போது இதனை முதலிற் கேட்டறிதல் வேண்டும்.

அப்படியாயின் மூன்றாவது பொருளாகிய அசல்தன்மைக்கு மதிப்பில்லையா எனில், உண்டு. ஆனால் அதனைச் சிந்தித்தே பேணவேண்டும். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்திலே பெற்றோல் கிடையாதபோது, பழைய ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகளைச் சில துளி பெற்றோலாற் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அவ்வண்டிகள் அசல் நிலையில் இல்லை. ஆயினும் அவை நோயாளரை வைத்தியசாலைக்குச் சுமந்தன. அந்த மாற்றமும் வரலாறே. ஊவாத் தோட்டத்துப் பட்டறையிற் கடைந்த ஒரு பித்தளைப் புஷ்சும் அத்தகைய வரலாறே. தொழிற்சாலைப் பாகம் கிடைக்கும்போது அதனை இடுக. ஆனால் கழற்றிய அந்தப் புஷ்சைச் சீட்டெழுதிப் பேணுக.

நேயர்களே, நாம் இன்று செய்யக்கூடியது எளியது. வண்டி வைத்திருப்போர் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேடு தொடங்கவேண்டும். அடிச்சட்ட எண், எஞ்சின் எண், மாற்றிய பாகம், அதன் அளவு, வாங்கிய இடம், செய்த கைவினைஞர், நாள் ஆகியவற்றை அதில் எழுதுக. பதுளையிலும் பண்டாரவளையிலும் உள்ள முதிய தொழிலாளரிடம் இளைஞர் சென்று, அவர்கள் விரல் அறிந்ததை ஏட்டில் ஏற்றுக. தொழிற்பயிற்சி நிலையங்கள் இதனைப் பாடமாக ஏற்குமாயின் பெரும்பயன் விளையும். கடையிற் கிடைக்காத பாகத்தைச் செய்துகொள்ளலாம். அதனைச் செய்ய அறிந்தவர் மறைந்தபின், அந்த அறிவை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.