பருவ வயதுப் பிள்ளைகளும் பெற்றோரின் பொறுப்பும்

 

"நேற்று வரை சொன்ன சொல்லைக் கேட்ட பிள்ளை, இப்போது எதற்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசுகிறான் ஹஸ்ரத். தண்ணீர் ஓதித் தாருங்கள்" என்று பெற்றோர் பலர் பள்ளிவாசலுக்கு வருவதை நாம் காண்கிறோம். ஓதிக் கொடுப்போம், துஆவும் செய்வோம். ஆயினும் அந்தப் பிள்ளையின் உடலிலும் உள்ளத்திலும் நிகழ்வது என்ன என்பதை அறிந்துகொள்வதும் நம்மீதுள்ள பொறுப்பாகும்.

10 முதல் 19 வயது வரையுள்ள காலத்தை வளரிளம் பருவம் என உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. பெரும்பாலும் பெண் பிள்ளைகளுக்கு 8 வயதிலிருந்து 13 வயதுக்குள்ளும், ஆண் பிள்ளைகளுக்கு 9 வயதிலிருந்து 14 வயதுக்குள்ளும் பருவ மாற்றங்கள் தொடங்குகின்றன. ஆகவே ஒரே வகுப்பில் ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும். மற்றொருவன் சிறுவனாகவே தோன்றுவான். இரண்டும் இயல்பே. உறவினர் முன்னிலையில் ஒருவரோடு ஒருவரை ஒப்பிட்டுக் கேலி பேசுவது அந்த இளம் உள்ளத்தில் ஆறாத காயத்தை ஏற்படுத்திவிடும்.

மூளையின் வளர்ச்சியும் ஒரே சீராக நிகழ்வதில்லை. உணர்ச்சியைத் தூண்டும் பகுதிகள் முன்னதாகவே வேகம் கொள்கின்றன. பின்விளைவை எண்ணிப் பார்த்து நிதானிக்கச் செய்யும் முன்பகுதியோ ஏறத்தாழ 25 வயது வரை முதிர்ந்துகொண்டிருக்கிறது. சட்டென்று கோபம் வருவதற்கும், நண்பர்கள் சொன்னால் துணிந்து இறங்குவதற்கும் இது ஒரு காரணமாகும். பருவமடைந்தவர் மீது தொழுகையும் நோன்பும் கடமையாகிவிடுகின்றன; அதில் மாற்றமில்லை. ஆனால் புதிதாகச் சுமை ஏற்பவருக்குத் தூக்கிவிட ஒரு கை வேண்டுமல்லவா?

சுப்ஹுத் தொழுகைக்கு எழுவதையே எடுத்துக்கொள்வோம். இப்பருவத்தில் உறக்கத்தைக் கொண்டுவரும் சுரப்பு இரவில் தாமதமாகவே சுரக்கிறது. அவர்களுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கமும் தேவைப்படுகிறது. நள்ளிரவு வரை செல்பேசியைக் கையில் விட்டுவிட்டு, விடியலில் "சோம்பேறி" என்று ஏசுவதால் பயனில்லை. இஷாவுக்குப் பின் வீட்டிலுள்ள அனைவரின் செல்பேசிகளையும் ஓரிடத்தில் வைக்கப் பழகுவோம். அனைவரின் என்பதில் தகப்பனாரின் செல்பேசியும் அடங்கும்.

அடுத்து, நாம் பேசக் கூச்சப்படும் விஷயம். உறக்கத்தில் விந்து வெளிப்பட்ட சிறுவன், தனக்கு ஏதோ நோய் என்று அஞ்சுகிறான். எவரிடமும் கேட்க இயலாமல், குளிப்பு கடமையானதையும் அறியாமல் தொழுகையைத் தவறவிடுகிறான். இந்த அச்சத்தையே முதலாக்கி, விடுதி அறைகளில் அமர்ந்து பணம் பறிக்கும் போலி வைத்தியர்களும் இருக்கிறார்கள். இது நோயுமன்று, பாவமுமன்று. குளித்துத் தூய்மையாக வேண்டும், அவ்வளவே. இதைத் தகப்பனார் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தகப்பனார் வெளிநாட்டில் இருந்தால் தாய்மாமனோ, பாட்டனாரோ, சாச்சாவோ அந்தப் பொறுப்பை ஏற்க வேண்டும்.

அவ்வாறே, முதல் மாதவிடாய் வரும் முன்பே தாய் தன் மகளிடம் விளக்கிவிட வேண்டும். மார்க்கத்தைக் கற்க நாணம் தங்களைத் தடுக்காதிருந்ததற்காக அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியதை நாம் அறிவோம். பெண் பிள்ளைகளின் உணவிலும் கவனம் தேவை. 2019–21ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் 100க்கு 59 பேருக்கு இரத்தச்சோகை உள்ளது. கீரை, பயறு, இறைச்சி ஆகியவற்றை மகனுக்கு வைப்பதுபோல் மகளுக்கும் வையுங்கள். சாப்பிட்டவுடன் தேநீர் கொடுப்பதைத் தவிருங்கள். அது உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைத்துவிடும்.

விபச்சாரத்திற்கு அனுமதி கேட்டு நபி (ஸல்) அவர்களிடமே ஓர் இளைஞர் வந்தார். சுற்றியிருந்தோர் அவரை அதட்டினர். நபியவர்களோ அவரை அருகில் அழைத்து அமர வைத்தார்கள். இதை உம் தாய்க்கு விரும்புவீரா, மகளுக்கு விரும்புவீரா, சகோதரிக்கு விரும்புவீரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அவரையே சிந்திக்க வைத்தார்கள். பின்னர் அவர்மீது கை வைத்து துஆச் செய்தார்கள். தவறுக்கு அனுமதி கிடைக்கவில்லை. ஆனால் கேட்டவர் விரட்டப்படவுமில்லை. நம் வீடுகளில் இவ்வாறு கேட்கும் துணிவு எந்தப் பிள்ளைக்கு இருக்கிறது?

இரண்டு வாரங்களுக்கு மேல் ஒரு பிள்ளை உணவையும் நண்பர்களையும் வெறுத்து ஒதுங்கியிருந்தால், அல்லது வாழவே பிடிக்கவில்லை என்று ஒருமுறை சொன்னாலும், அதை அலட்சியம் செய்யாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மனநல ஆலோசனைக்கான அரசின் 14416 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணும் உள்ளது. மருத்துவத்தை நாடுவது இறைவன் மீதுள்ள நம்பிக்கைக்கு முரணானதன்று.

நாள்தோறும் கால் மணி நேரமாவது பிள்ளைகளோடு அமர்வோம். அறிவுரை சொல்வதற்கு முன் அவர்கள் பேசுவதைக் கேட்போம். நம் மக்களைக் கண் குளிர்ச்சியாக ஆக்கியருள வல்ல நாயன் கிருபை செய்வானாக! ஆமீன்.