கையெழுத்துக்கு முன் வீடு



நீதி பற்றிப் பேசச் சொன்னீர்கள். ரப்பர் தோட்டத்திலிருந்தே தொடங்குகிறேன்.

விடியுமுன் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டுப் பால்மரம் வெட்டப் போன குடும்பத்துக்குக் குடியிருக்க லயத்து வீடு. வேலை இருக்கும்வரைதான் அது வீடு. வேலை போனால் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். பிள்ளை படித்த தமிழ்ப்பள்ளியும், பாட்டன் கும்பிட்ட மாரியம்மனும் நிர்வாகத்தின் நிலத்தில்தான்.

மலாயா விடுதலை பெற்ற காலத்தில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. விற்றவனுக்குப் பணம், வாங்கியவனுக்கு நிலம், உழைத்தவனுக்குத் தெரு. இது நியாயமா?

நியாயமே என்று வாதாட இடம் தருகிறது அமெரிக்க அறிஞர் ராபர்ட் நோசிக் 1974இல் எழுதிய நூல். நேர்வழியில் வந்த சொத்தை உரியவர் மனமொப்பி விற்றால் அதில் அநீதி இல்லை என்றார் அவர். ஆனால், 1971இலேயே தத்துவ அறிஞர் ஜான் ரால்ஸ் தம் நூலில் வேறொரு சோதனை வைத்துவிட்டார். துரை பங்களாவில் பிறப்போமா, லயத்தில் பிறப்போமா என்று தெரியாத நிலையில் சட்டம் எழுத உட்காருங்கள் என்பதுதான் அதன் சாரம். அப்படி உட்கார்ந்தால், ‘வேலை போனால் வீடும் போகும்’ என்று எந்தக் கை எழுதும்? ஒரு கையும் எழுதாது!

இந்த நூல்கள் வருமுன்பே நம் பேராக் மண்ணின் மைந்தர் ஒருவர் விடை கண்டார். சுங்கை சிப்புட்டில் பிறந்த அரசியல் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி கட்டி நூறு வெள்ளிப் பங்கு. கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. பால் வெட்டியவர்களே பங்குதாரர்கள் ஆனார்கள். அந்தப் பத்து வெள்ளி, வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசு, தாய்மார்களே!

எல்லாத் தோட்டத்தையும் சங்கத்தால் வாங்க முடியவில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் தாமான் எனும் வீடமைப்புப் பகுதி எழும்பியது. அதில் ஒரு வீடு வாங்க, அங்கேயே தலைமுறையாக உழைத்த எத்தனையோ குடும்பங்களுக்கு வழியில்லை. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம் வேலையில் இருப்பவரின் வீட்டுத் தரத்தைப் பேசுகிறது. வேலை முடிந்தவருக்கு அதில் வீடு இல்லை.

முழு நீதி கிடைக்கும்வரை காத்திராமல் கண்ணெதிரே நிற்கும் அநீதியை முதலில் களையுங்கள் என்பது பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் 2009இல் சொன்ன கருத்து. ஆகவே இளைஞர்களே, ஓட்டுக் கேட்டு வருபவர் எந்தக் கட்சியானாலும் இதைக் கேளுங்கள்: தோட்டம் கைமாறினால், குடியிருப்போருக்குச் சொந்த வீடு முதலில், விற்பனைக் கையெழுத்து பிறகு. இதைச் சட்டமாக்குவேன் என்று மேடையில் சொல்ல வையுங்கள்.