நத்தைக்குப் பிடிக்காத செடி

ராத்திரி மழை. காலையில் பார்த்தால் செண்டுமல்லி நாற்று மொட்டையாக நிற்கிறது. பக்கத்தில் வெள்ளிக் கோடு மாதிரி ஒரு தடம். நத்தை வந்து சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறது!

நத்தைக் கூட்டத்தில் பெரிய ஆள் ஆப்பிரிக்க ராட்சத நத்தை. 1847-இல் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்கு அதை ஆசையாகக் கொண்டுவந்தவர் நத்தை ஆராய்ச்சியாளர் வில்லியம் பென்சன். நல்ல ஆசை!

நத்தைக்கு இளந்தளிர் வேண்டும். சொரசொரப்பும் காட்டமான வாசனையும் ஆகாது. ரோஸ்மேரி, லாவெண்டர், உண்ணிச்செடியைப் பெரும்பாலும் சீண்டாது. பால் வடிந்தால் விட்டுவிடும் என்று நம்பிப் பப்பாளி வைக்காதீர்கள். அது நத்தைக்கு விருந்து. அதனால்தான் விவசாயிகள் ஈரச் சாக்கோடு பப்பாளி இலையை வைத்து இரவில் வரவழைக்கிறார்கள். விடிந்ததும் பொறுக்கிவிடலாம். வெறும் கையால் மட்டும் தொடாதீர்கள். மூளையைத் தாக்கும் புழு நத்தையின் உடம்பில் இருக்கலாம்.